செக் ஃபிளைட்டை வொர்க் பேக்கேஜின் கடைசி டாஸ்க்காகப் போட்டால் போதுமா?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு ஏ.டி.ஆர். டர்போப்ராப் (ப்ரொப்பெல்லர் வகை) விமானங்கள் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் பராமரிப்புத் திட்டப் பிரிவில் சேர்ந்து உங்களுக்கு ஒரு வருடம் ஆகிறது. இதுவரை எக்செல் தாளில் ஓடிய வேலை இப்போது புது சாஃப்ட்வேருக்கு மாறுகிறது. சி செக் (விமானத்தை ஹேங்கரில் நிறுத்திச் செய்யும் பெரிய பராமரிப்பு) முடிந்தபின் பரிசோதனைக்காகப் போகும் செக் ஃபிளைட்டையும் அதிலேயே பிளான் பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். கடந்த மூன்று தடவையும் அந்த ஃபிளைட் கடைசி நேரத்தில் தள்ளிப்போயிருக்கிறது. சாஃப்ட்வேரில் எப்படி உள்ளிட்டால் தள்ளிப்போகாது, வொர்க் பேக்கேஜின், அதாவது அந்தப் பராமரிப்பில் செய்யும் எல்லா வேலைகளின் தொகுப்பின், கடைசி டாஸ்க்காகப் போட்டால் போதுமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது: செக் ஃபிளைட் என்பது ஒரு பராமரிப்பு டாஸ்க்கா, இல்லை ஒரு ஃபிளைட்டா?

இரண்டும்தான். இன்ஜினியரிங்கைப் பொறுத்தவரை அது ஒரு பரிசோதனை. தரையில் முடிக்க முடியாததை மேலே போய் முடிக்கிறோம். ஆபரேஷன்ஸைப் பொறுத்தவரை அது எரிபொருள், இரண்டு பைலட், வான்வெளி, வானிலை எல்லாம் கேட்கிற ஒரு பறப்பு. பராமரிப்பு சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் மேசையில் இருக்கிறது. பைலட் ரோஸ்டரும் (பணி அட்டவணை) ஃபிளைட் பிளானும் வேறொரு சாஃப்ட்வேரில், வேறொரு தளத்தில் இருக்கின்றன. நடுவில் உள்ள இடைவெளியில்தான் உங்கள் மூன்று ஃபிளைட்டும் விழுந்திருக்கும் என்பது என் ஊகம். நான் ஹேங்கரில் டெக்னீஷியனாகத் தொடங்கி, பிறகு பதினெட்டு வருடம் திட்டப் பிரிவில் இருந்தவன். டர்போப்ராப்பும் நடுத்தர ஜெட்டும் தெரியும். ஹெலிகாப்டரில் வேலை செய்ததில்லை, அதனால் கீழே சொல்வதை அங்கே அப்படியே எடுத்துப்போக வேண்டாம்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. ஒவ்வொரு சி செக்குக்கும் செக் ஃபிளைட் கட்டாயம் என்று பொதுவான விதி எதுவும் இல்லை. பல நிறுவனங்களில் பழக்கத்தால் அப்படி ஆகியிருக்கிறது. அமெரிக்க விதி 91.407 இதைத் தெளிவாகச் சொல்கிறது. பறக்கும் தன்மையைக் குறிப்பிடத்தக்க அளவு மாற்றியிருக்கக்கூடிய வேலையோ, பறக்கும்போது விமானம் இயங்கும் விதத்தைப் பெரிதும் பாதிக்கக்கூடிய வேலையோ நடந்திருந்தால், தகுதியுள்ள பைலட் ஒருவர் பறந்து பார்த்து, அதைப் பதிவு செய்யும்வரை பணிக்குழு தவிர வேறு யாரையும் ஏற்றக்கூடாது. அதே விதியின் அடுத்த பிரிவு, தரைச் சோதனையும் ஆய்வும் அந்தப் பாதிப்பு இல்லை என்று ஐயமின்றிக் காட்டினால் பறக்கத் தேவையில்லை என்கிறது. ஐரோப்பாவில் 2019/1384 எண்ணுள்ள ஒழுங்குமுறை 2019 செப்டம்பர் 25 முதல் பராமரிப்புச் செக் ஃபிளைட்டுக்கென்றே தனி விதிகளைக் கொண்டுவந்தது. அது இவற்றை ஏ நிலை, பி நிலை என்று பிரிக்கிறது. அசாதாரண அல்லது அவசர நடைமுறைகளைப் பயன்படுத்த வேண்டிவரும் என்று முன்கூட்டியே தெரிந்தாலோ, மாற்று அமைப்பு ஒன்றோ பாதுகாப்புச் சாதனம் ஒன்றோ வேலை செய்கிறதா என்று பறந்து நிரூபிக்க வேண்டியிருந்தாலோ ஏ நிலை. மற்றதெல்லாம் பி. வானத்தில் இன்ஜினை நிறுத்தி மறுபடி ஓட்டிப் பார்ப்பது ஏ. கேபின் அழுத்தம் சீராக ஏறுகிறதா என்று சாதாரணமாக ஏறிப் பார்ப்பது பி.

இந்தியாவில் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் பராமரிப்பு விதிகளான கார்-145, கார்-எம் இரண்டும் ஐரோப்பியச் சட்டகத்தைப் பின்பற்றி எழுதப்பட்டவை. ஆனாலும் ஐரோப்பிய வாசகத்தை நம் விதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் நிறுவனத்தின் கேமோ (விமானம் தொடர்ந்து பறக்கத் தகுதியாக இருப்பதை நிர்வகிக்கும் பிரிவு) கையேட்டிலும் பராமரிப்பு நிறுவனக் கையேட்டிலும் செக் ஃபிளைட்டுக்கென்று ஒரு பகுதி இருக்கும். சாஃப்ட்வேரைத் திறப்பதற்கு முன்னால் அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒன்றில் முடிவெடுப்பவர் கேமோ என்றும் மற்றதில் சர்டிஃபையிங் இன்ஜினியர் (வேலை முடிந்ததென்று சான்றளித்துக் கையெழுத்திடுபவர்) என்றும் எழுதியிருந்தால், அதைத் தீர்க்காமல் எந்தத் திரையை அமைத்தாலும் பயனில்லை.

ஒரு செக் ஃபிளைட் எதனால் வருகிறது என்பதைப் பொறுத்து அதன் சட்ட நிலையே மாறுகிறது. ஐரோப்பிய வழிகாட்டுதல் இதை நன்றாகப் பிரித்திருக்கிறது, நம் வேலைக்கும் அந்தப் பிரிப்பு உதவும். பராமரிப்பு மேனுவலே "பறந்து பார்த்தால்தான் இந்த வேலை முடிந்ததாகும்" என்று சொல்லலாம். மேனுவல் கேட்காவிட்டாலும் பெரிய வேலைக்குப் பிறகு பறந்து பார்த்துவிடலாம் என்று நிறுவனமே நினைக்கலாம். குத்தகை முடிந்து விமானத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒப்பந்தத்தில் இருக்கலாம். கோளாறின் காரணம் தரையில் பிடிபடாமல், பறந்தால்தான் தெரியும் என்ற நிலையும் வரலாம்; அந்தக் கோளாறோடு வழக்கமான முறையில் விமானத்தை விடுவிக்க முடியாது என்றால், பறப்பதற்கென்று தனி அனுமதி வாங்க வேண்டும். இந்த நான்குக்கும் உங்கள் சாஃப்ட்வேரில் நான்கு தனித்தனிக் காரணக் குறியீடு வையுங்கள். "சி செக்குக்குப் பின்" என்று ஒரே குறியீட்டில் எல்லாவற்றையும் போட்டால், பிறகு எது கட்டாயம், எது விருப்பம் என்று யாராலும் பிரிக்க முடியாது.

இப்போது உங்கள் நேரடிக் கேள்விக்கு வருகிறேன். கடைசி டாஸ்க்காகப் போட்டால் ஒரு முட்டுக்கட்டை வரும். பெரும்பாலான சாஃப்ட்வேர்களில், நம் சென்னை ராம்கோ ஆனாலும் ஸ்விட்சர்லாந்து ஆமோஸ் ஆனாலும் டிராக்ஸ் ஆனாலும், திரைகள் வேறுவேறாக இருக்கும், அடிப்படை ஒன்றுதான்: பேக்கேஜில் உள்ள டாஸ்க்குகள் எல்லாம் கையெழுத்தானால்தான் பேக்கேஜை மூடலாம், மூடினால்தான் சி.ஆர்.எஸ். என்கிற விடுவிப்புச் சான்று. சி.ஆர்.எஸ். இல்லாமல் விமானம் பறக்கக்கூடாது. பறக்காமல் கடைசி டாஸ்க்கை மூட முடியாது. இந்தச் சிக்கலில் மாட்டியவர்கள் செய்வதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். பறப்பதற்கு முன்பே அந்த டாஸ்க்கைக் கையெழுத்துப் போட்டு மூடிவிடுவார்கள், ஃபிளைட் முடிந்ததும் "உண்மையான" முடிவை ஒரு காகிதத்தில் எழுதி ஃபைலில் வைப்பார்கள். தயவுசெய்து இதை அனுமதிக்காதீர்கள். நடக்காத சோதனைக்கு நடந்ததாகக் கையெழுத்து என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் இல்லை.

சரியான வழி விதியிலேயே இருக்கிறது. மேனுவல் பறக்கச் சொல்லும் வேலை என்றால், அந்த வேலை இன்னும் முழுமையாகவில்லை என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டே ஒரு சி.ஆர்.எஸ். கொடுக்கலாம். டெக் லாக் என்கிற விமானத்தின் தொழில்நுட்பக் குறிப்பேட்டில் "செக் ஃபிளைட் தேவை" என்று தனியாக ஒரு பதிவு திறக்கப்படும். விமானம் அந்த ஒரு நோக்கத்துக்காகப் பறக்கும். திரும்பியபின் முடிவைப் பார்த்து இரண்டாவது சி.ஆர்.எஸ். கொடுத்து அந்தப் பதிவை மூடுவார்கள். ஆகவே சாஃப்ட்வேரில் இரண்டு பேக்கேஜ் வேண்டும். முதலாவது சி செக், அது தன் அளவில் மூடப்படும். இரண்டாவது சிறியது, செக் ஃபிளைட்டுக்கென்றே. அதில் உள்ள ஒவ்வொரு வரியும் முதல் பேக்கேஜின் எந்த வொர்க் ஆர்டரிலிருந்து வந்தது என்று இணைத்திருக்க வேண்டும். இரண்டாவது பேக்கேஜ் திறந்திருக்கும்வரை அந்த விமானத்தைப் பயணிகள் சேவைக்கு ஒதுக்க முடியாதபடி ஒரு தடை போடுங்கள். தடை போடும் வசதி எல்லாச் சாஃப்ட்வேரிலும் ஏதோ ஒரு பெயரில் இருக்கும். அது ஆபரேஷன்ஸ் திரையிலும் தெரிகிறதா என்று மட்டும் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

அந்த இணைப்பு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு 2009 ஜனவரி 12 அன்று இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ஒரு போயிங் 737-700க்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். பராமரிப்புக்கு அனுப்பும் முன் பறந்தபோதே மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரின் பின்விளிம்பில் உள்ள பேலன்ஸ் டேப் என்ற சிறு பலகையைச் சரிசெய்ய வேண்டும் என்று கண்டிருந்தார்கள். அந்தச் செய்தி வாய்மொழியாகக் கைமாறியது. ஹேங்கரில் டேபைத் தேவைக்கு எதிர்த் திசையில் திருப்பிவிட்டார்கள். வேலை முடிந்து பறந்தபோது, கிட்டத்தட்ட 15,000 அடியில் ஹைட்ராலிக் துணையை அணைத்து எலிவேட்டரைச் சோதித்தார்கள். மூக்கு கீழே கவிழ்ந்தது. மீட்பதற்குள் விமானம் 9,000 அடிக்கு மேல் இழந்திருந்தது. நான்கு பேர் உள்ளே இருந்தார்கள், நல்லவேளையாக எல்லோரும் பிழைத்தார்கள். அந்த டேபை "இந்தத் திசையில், இவ்வளவு" என்று ஒரு வரி எழுத்தில் இருந்திருந்தால், அந்த வரி பைலட்டின் சோதனைத் தாளிலும் அப்படியே இருந்திருந்தால், யாராவது ஒருவர் நிறுத்திக் கேட்டிருப்பார். பராமரிப்பு சாஃப்ட்வேரால் நமக்குக் கிடைக்கிற பெரிய நன்மை இதுதான் என்று நினைக்கிறேன். முன் ஃபிளைட்டில் கண்டது, ஹேங்கரில் செய்தது, பின் ஃபிளைட்டில் பார்க்க வேண்டியது மூன்றும் ஒரே நூலில் கோத்திருக்கும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. பறக்கும் கட்டுப்பாடுகளைத் தொட்ட வேலைக்கு இரண்டாவது ஆள் தனியாகப் பார்த்துக் கையெழுத்திடும் டூப்ளிகேட் இன்ஸ்பெக்ஷன் உண்டு. "எப்படியும் செக் ஃபிளைட் போகப்போகிறதே" என்று அதைத் தளர்த்தும் மனநிலை சில இடங்களில் இருக்கிறது. தரையில் கண்டுபிடிக்க முடிந்த தவறை வானத்தில் கண்டுபிடிக்க விடக்கூடாது. டூப்ளிகேட் இன்ஸ்பெக்ஷன் மூடப்படாமல் இரண்டாவது பேக்கேஜை "தயார்" நிலைக்கு மாற்றவே முடியாதபடி அமைத்துவிடுங்கள்.

அடுத்து, தள்ளிப்போவது பற்றி. உங்கள் விமானங்களுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, ஆனால் எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு டர்போப்ராப் ஐந்து வாரம் ஹேங்கரில் இருந்து வெளியே வந்தது. மாலை மூன்று மணிக்கு ஃபிளைட். காலையிலேயே இன்ஜின் ரன் முடிந்தது, எண்ணெய்க் கசிவு இல்லை, பைலட்கள் இருவரும் ஒன்றரை மணிக்கே வந்துவிட்டார்கள். இரண்டு மணிக்கு காக்பிட்டில் உட்கார்ந்த துணை பைலட் எஃப்.எம்.எஸ். என்கிற பறப்பு மேலாண்மைக் கணினியின் திரையைத் தட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார். நேவிகேஷன் டேட்டாபேஸின் தேதி முடிந்து நான்கு நாளாகியிருந்தது. அந்த டேட்டாபேஸ் 28 நாளுக்கு ஒருமுறை மாறும். ஐந்து வாரம் நிற்கும் விமானம் குறைந்தது ஒரு சுழற்சியைத் தாண்டியே தீரும். லோடர் லேப்டாப் வேறு பேஸில் இருந்தது. அது வந்து ஏற்றி முடித்தபோது மணி ஐந்தே கால். வெயில் சாய்ந்துவிட்டது, ஃபிளைட் மறுநாளுக்குப் போனது. மறுநாள் மழை. எங்கள் வொர்க் பேக்கேஜில் அறுநூறுக்கும் மேல் டாஸ்க் இருந்தது, இந்த ஒன்று இல்லை. அது சி செக்கின் டாஸ்க் இல்லை என்பதால் யார் கண்ணிலும் படவில்லை.

அந்த நாளுக்குப் பிறகு நான் செய்ததைத்தான் உங்களுக்கும் சொல்வேன். செக் ஃபிளைட் பேக்கேஜை சி செக் தொடங்கும் நாளிலேயே திறந்துவிடுங்கள், முடியும் நாளில் அல்ல. விமானம் நிற்கும் காலத்தில் நாள்காட்டிப்படி காலாவதியாகிற எல்லாவற்றையும் அதில் முன்நிபந்தனையாகப் போடுங்கள்: நேவிகேஷன் டேட்டாபேஸ், அவசர உபகரணங்களின் தேதி, ஆக்சிஜன் சிலிண்டர், காப்பீட்டுத் தாள், ஏர்வொர்தினஸ் ரிவியூ என்கிற பறக்கும் தகுதி மறுஆய்வுச் சான்றிதழ். பெயின்ட் அடித்தாலோ இருக்கை அமைப்பு மாறினாலோ எடை மறுபடி போட வேண்டியிருக்கலாம்; எடைத் தாள் இல்லாமல் பைலட் லோட் ஷீட் (எடை, சமநிலைக் கணக்கு) போட முடியாது. துளைகளை மறைக்கும் மூடிகளும் ஒட்டும் டேப்களும் தனி வரி. 1996 அக்டோபர் 2 அன்று லிமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு போயிங் 757இல், உயரமும் வேகமும் காட்டுவதற்குக் காற்றழுத்தத்தை எடுக்கும் ஸ்டாட்டிக் துளைகளில் கழுவும்போது ஒட்டிய டேப் அப்படியே இருந்துவிட்டது, 70 பேர் இறந்தார்கள். அது செக் ஃபிளைட் இல்லை, வழக்கமான பயணிகள் விமானம். ஆனாலும் "டேப் ஒட்டினேன்" என்று ஒரு கார்டு திறந்தால் "டேப் எடுத்தேன்" என்ற கார்டு தானாகவே திறக்க வேண்டும், அது மூடாமல் விமானம் நகரக்கூடாது என்பதை நான் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

ஃபிளைட்டுக்கு ஒரே ஒரு தேதியைப் போடாதீர்கள், மூன்று நாள் இடைவெளியைப் போடுங்கள். ஹேங்கர் வேலை எப்போதும் கொஞ்சம் நீளும். ஒற்றைத் தேதி போட்டால் எல்லோரும் அதைப் பிடிக்க ஓடுவார்கள், தரைச் சோதனைகள் குறுகும், பைலட் பிரீஃபிங் பத்து நிமிடமாகும். அந்த மூன்று நாளுக்கும் பைலட்களை முன்கூட்டியே ரோஸ்டரில் பிடித்து வைப்பது செலவுதான். அந்தச் செலவைக் கணக்கிட்டு, போன மூன்று தடவை விமானம் சும்மா நின்ற நாட்களின் வருமானத்தோடு ஒப்பிட்டு மேலாளரிடம் காட்டுங்கள், பேச்சு சுலபமாகும்.

நேர எல்லையும் எழுத்தில் வேண்டும். 1996 டிசம்பர் 22 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு டி.சி.-8 சரக்கு விமானம் பெரிய பராமரிப்புக்குப் பின் சோதனைப் பறப்புக்குக் கிளம்பியது. மதியம் கிளம்ப வேண்டியது, பராமரிப்பு வேலைகளால் தாமதமாகி, சாயங்காலம்தான் தரையை விட்டது. ஸ்டால் (வேகம் குறைந்து இறக்கை தூக்குவிசையை இழப்பது) சோதனையைச் செய்தபோது இருட்டிவிட்டது, மேகம் வேறு. கண்ணுக்கு அடிவானம் தெரியவில்லை. விமானம் கட்டுப்பாட்டை இழந்து நாரோஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் மலையில் விழுந்தது. ஆறு பேர் இறந்தார்கள். காரணம் ஒன்றல்ல, பைலட்டின் கைவேலையும் பயிற்சியும் சிமுலேட்டரின் குறைகளும் விசாரணையில் வந்தன. ஆனால் திட்டமிடுபவனாக நான் பார்ப்பது, அந்தத் தாமதத்தைத் தாண்டி "இன்று வேண்டாம்" என்று சொல்ல ஒரு கோடு வரையப்பட்டிருக்கவில்லை என்பதைத்தான். உங்கள் பேக்கேஜில் "கடைசிக் கிளம்பும் நேரம்" என்று ஒரு புலம் வையுங்கள். சூரியன் மறையும் நேரத்திலிருந்து சோதனைக்கு ஆகும் நேரத்தையும் அரை மணி கூடுதலையும் கழித்தால் வருகிற நேரம். அதைத் தாண்டினால் ஃபிளைட் தானாக மறுநாளுக்குப் போக வேண்டும், யாரும் போராடி முடிவெடுக்க வேண்டியிருக்கக் கூடாது. பகலில்தான் பறக்க வேண்டும் என்பதை எல்லா வகைச் சோதனைக்கும் விதியாக நான் சொல்லவில்லை, பி நிலையில் இரவிலும் செய்யக்கூடியவை உண்டு. என் பழக்கம் பகல்தான்.

வான்வெளி பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இது இன்ஜினியரிங் மேசையில் யாருக்கும் நினைவுக்கு வராது. 2008 நவம்பர் 27 அன்று பிரான்ஸின் பெர்பினியாவில் ஒரு ஏர்பஸ் ஏ320 குத்தகை முடிந்து உரிமையாளரான ஏர் நியூசிலாந்துக்குத் திரும்பும் முன் சோதனைக்குப் பறந்தது. மூன்று நாள் முன்பு விமானத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியபோது, காற்றின் கோணத்தை அளக்கும் சென்சார்களை மேனுவல் சொன்னபடி பாதுகாக்கவில்லை. உள்ளே போன தண்ணீர் உயரத்தில் உறைந்து, மூன்றில் இரண்டு சென்சார்கள் ஒரே மாதிரியான நிலையில் நின்றுவிட்டன. பைலட்கள் வழியில் சில சோதனைகளைச் செய்யக் கேட்டபோது, பொதுப் போக்குவரத்துக்குள் இப்படிச் செய்ய முடியாது, தாக்கல் செய்த ஃபிளைட் பிளான் அதற்கு ஏற்றதல்ல என்று கட்டுப்பாட்டாளர் சொன்னார். திட்டம் சுருங்கியது. விட்டுப்போன குறைவேகச் சோதனையை, இறங்கி வரும் வழியில், சுமார் 3,000 அடியில் அந்த இடத்திலேயே முடிவெடுத்துச் செய்தார்கள். பாதுகாப்பு அமைப்பு தூண்டப்பட வேண்டிய வேகத்தில் தூண்டப்படவில்லை, ஏனென்றால் அது நம்பிய சென்சார்கள்தான் உறைந்திருந்தன. ஏழு பேரும் இறந்தார்கள். இதில் பராமரிப்புத் தவறு, பயிற்சிக் குறை, இயந்திரக் கோளாறு எல்லாம் இருக்கின்றன. கூடவே ஒரு திட்டமிடல் தவறும் இருக்கிறது. எந்தச் சோதனை எந்த உயரத்தில், எந்த வான்வெளியில் என்பது கிளம்பும் முன்பே கட்டுப்பாட்டு மையத்தோடு பேசி முடிக்கப்படவில்லை.

ஆகவே உங்கள் இரண்டாவது பேக்கேஜில் ஒவ்வொரு சோதனை வரிக்கும் குறைந்தபட்ச உயரம் இருக்கட்டும், பக்கத்திலேயே "இது முடியாவிட்டால்" என்று ஒரு புலமும் இருக்கட்டும். அதில் இரண்டே பதில்தான்: தரையிறங்கி இன்னொரு நாள் செய்வது, அல்லது விட்டுவிட்டாலும் பரவாயில்லை என்று கேமோ முன்பே ஒப்புக்கொண்டது. வேறு உயரத்தில் செய்து பார்ப்போம் என்ற மூன்றாவது பதிலுக்கு இடமே கொடுக்காதீர்கள். வான்வெளி ஒதுக்கீடு, ஃபிளைட் பிளான், இந்தியாவில் என்றால் வான் பாதுகாப்பு அனுமதி எண், எஃப்.ஐ.சி. (பறப்புத் தகவல் மையம்) எண் ஆகியவை ஆபரேஷன்ஸ் வாங்குபவை. உங்கள் சாஃப்ட்வேரில் அவற்றுக்கு "வாங்கியாயிற்று" என்ற ஒரு டிக் போதும், எண்ணை அங்கே மறுபடி உள்ளிட வேண்டாம். ஒரே தகவல் இரண்டு இடத்தில் இருந்தால் இரண்டில் ஒன்று பழசாகிவிடும்.

பைலட் விஷயத்தில் ஐரோப்பிய விதி ஏ நிலைக்குச் சொல்லும் அளவு ஒரு நல்ல குறிப்பு: விமானத் தலைவருக்குக் குறைந்தது 1,000 மணி நேரப் பறப்பு, அதில் சிக்கலான ரக விமானத்தில் தலைவராக 400 மணி, அந்தக் குறிப்பிட்ட ரகத்தில் 50 மணி, அதோடு செக் ஃபிளைட்டுக்கான தனிப் பயிற்சி. காக்பிட்டில் உதவிக்கு இன்னொரு பைலட்டோ பணி நிபுணரோ வேண்டும் என்றும் சொல்கிறது. உங்கள் நிறுவனத்தில் இந்த வேலைக்குத் தகுதியான பைலட்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். அவர்கள் விடுமுறையும் சிமுலேட்டர் தேதியும் உங்களுக்கு சி செக்கின் முதல் வாரத்திலேயே தெரிய வேண்டும். ரோஸ்டர் சாஃப்ட்வேரோடு இணைப்பு ஏற்படுத்த முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் வாரம் ஒருமுறை ஒரு ஃபோன் போதும். இணைப்பு வரும்வரை காத்திருக்கிறேன் என்று ஃபோனையும் விட்டுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஃபிளைட்டுக்கு முந்தின நாள் பைலட்டிடம் என்ன கொடுக்கிறீர்கள்? முழு வொர்க் பேக்கேஜைக் கொடுத்தால் அவர் படிக்க மாட்டார், படிக்கவும் முடியாது. சாஃப்ட்வேரிலிருந்து ஒரு வடிகட்டிய அறிக்கை எடுங்கள்: கட்டுப்பாட்டுப் பரப்புகள், இன்ஜின், ப்ரொப்பெல்லர், பிட்டோ-ஸ்டாட்டிக் (வேகம், உயரம் அளக்கும் அமைப்பு), லேண்டிங் கியர், அழுத்த அமைப்பு, இவற்றைத் தொட்ட வொர்க் ஆர்டர்கள் மட்டும். அப்புறம் ஒத்திவைத்த கோளாறுகள். அப்புறம் சோதனை வரிகள், ஒவ்வொன்றுக்கும் மேனுவல் தரும் எல்லை எண்ணோடு. இரண்டு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். அதோடு அந்த வேலையைச் செய்த இன்ஜினியரும் பைலட்டும் ஒரே மேசையில் அரை மணி உட்கார வேண்டும். அறிக்கை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த அரை மணியை அதற்குப் பதிலாக வைக்க முடியாது.

திரும்பி வந்தபின் நடப்பதில்தான் எனக்கு மிகுந்த ஆதங்கம். நம் ஊர் டெக் லாகுகளில் "செக்டு, ஃபவுண்ட் சாட்டிஸ்" என்று, அதாவது பார்த்தேன், திருப்தி என்று மட்டும் சொல்லும் சொற்றொடர் ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. செக் ஃபிளைட் முடிவாக அதை ஏற்கவே ஏற்காதீர்கள். ஒருமுறை ஒரு கேப்டன் இறங்கி வந்து, படிக்கட்டில் நின்றபடியே, வலது பக்கம் ஐலரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைப் பரப்பு) கொஞ்சம் கனமாக இருந்தது, ஆனாலும் எல்லைக்குள்தான் என்றார். லாகில் எழுதியது "சாட்டிஸ்". மூன்று மாதம் கழித்து வேறொரு கேப்டன் அதையே புகாராக எழுதினார். எப்போது தொடங்கியது, கூடியதா, குறைந்ததா என்று ஒப்பிட எங்களிடம் ஒரு எண் இல்லை. கேபிள் இழுவிசையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று. அதனால் எண் உள்ள சோதனைக்கு எண் உள்ளிடாமல் வரியை மூட முடியாதபடி புலத்தைக் கட்டாயமாக்குங்கள். எண் இல்லாத, கையில் உணர்கிற விஷயத்துக்குப் பைலட்டின் சொற்களையே அப்படியே எழுதும் இடம் வையுங்கள். இறங்கி ஒரு மணி நேரத்துக்குள் அது எழுதப்பட வேண்டும். மறுநாள் எழுதினால் "சாட்டிஸ்"தான் வரும்.

ஒரு வரி எல்லைக்கு வெளியே வந்தால் அது புதிய கோளாறாகத் திறக்கப்பட வேண்டும், செக் ஃபிளைட் வரியில் திருத்தமாகக் கிடக்கக் கூடாது. அதைச் சரிசெய்தபின் மறுபடி பறக்க வேண்டுமா என்ற கேள்வி வரும். இதற்கு நான் இங்கிருந்து பதில் சொல்ல முடியாது. சில கோளாறுகளைத் தரையிலேயே சரிசெய்து சோதித்து மூடலாம், சிலவற்றுக்கு மேனுவல் மறுபடி பறக்கச் சொல்லும். அந்த முடிவைச் சாஃப்ட்வேரின் விதியாக எழுதிவிடவும் கூடாது. கேமோவில் ஒரு மனிதர் பெயரோடு, காரணத்தோடு எடுக்க வேண்டிய முடிவு அது. முதல் ஃபிளைட் தேவையா என்பதற்கும் இதேதான். டாஸ்க் எண்ணைப் பார்த்துச் சாஃப்ட்வேர் பரிந்துரைக்கலாம், முடிவு மனிதருடையது. மேனுவல் வெளிப்படையாகப் பறக்கச் சொல்லும் டாஸ்க்குகளுக்கு மட்டும் தானியங்கி எச்சரிக்கை வைப்பதில் தவறில்லை. ஆனால் மேனுவல் திருத்தம் வரும்போதெல்லாம் அந்தப் பட்டியலை ஒருவர் சரிபார்க்க வேண்டும், அவர் யார் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

கடைசியாக இரண்டு சின்ன விஷயம். செக் ஃபிளைட்டில் பறந்த மணியும் தரையிறங்கிய எண்ணிக்கையும் விமானத்தின் கணக்கில் ஏற வேண்டும். வருமானமில்லாத ஃபிளைட் என்பதால் ஆபரேஷன்ஸ் பக்கத்திலிருந்து தானாக வராமல் போவது உண்டு. டச்-அண்ட்-கோ (தரை தொட்டதும் நிற்காமல் மறுபடி ஏறுவது) செய்திருந்தால் அதையும் உங்கள் கையேடு சொல்கிறபடி கணக்கிடுங்கள். லேண்டிங் கியரின் ஆயுள் அந்த எண்ணிக்கையில்தான் ஓடுகிறது. மற்றது, ஒவ்வொரு தடவை தள்ளிப்போகும்போதும் காரணத்தை ஒரு குறியீடாக உள்ளிடுங்கள்: உதிரிபாகம், தரைச் சோதனை முடியவில்லை, ஆவணம், பைலட், வானிலை, வான்வெளி. கடந்த மூன்று தடவைக்கும் பழைய ஃபைல்களையும் மின்னஞ்சல்களையும் பார்த்து இப்போதே அதை உள்ளிட முடியும். அந்த மூன்று காரணத்தையும் எழுதிய பிறகு, உங்கள் அடுத்த சி செக்கின் தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதற்கான முன்நிபந்தனை வரிகளை உட்கார்ந்து எழுத உதவுகிறேன்.